மூடியில் ஒரு பொட்டு

திரைச்சீலையைப் பாராட்டினால் யாருக்காவது கோபம் வருமா? பட்டாசுக்கு வந்தது. காலையில் எழுந்து ஊறவைத்து, துவைத்து, கடைசித் தண்ணீரில் ரெண்டு சொட்டு நீலம் விட்டு அலசி, இஸ்திரி போட்டு மாட்டிய வெள்ளைத் திரை அது. கை இன்னும் கன்றிப்போய் இருந்தது. வந்த அம்மாள் செருப்பைக் கழற்றும்போதே நிமிர்ந்து பார்த்து, "சந்தனக் கலர் திரை, கூடத்துக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

சந்தனமாம். துவைத்தவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? பட்டாசு வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "உள்ள வாங்க" என்று வந்தவரை நாற்காலிக்கு அழைத்துப் போய்விட்டார்.

பட்டாசு என்பது அவள் கணவன் வைத்த பெயர். பற்றவைக்காமலே வெடிப்பாளாம். அண்ணி அவனுடைய அக்கா. காப்பீட்டுக் கம்பெனியில் நஷ்டஈடு கேட்பவர்களின் எரிந்த கடையையும் நசுங்கிய வண்டியையும் போய்ப் பார்த்து, எது நிஜம், எது கதை என்று சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் விடவில்லை. யார் வீட்டில் என்ன காணாமல் போனாலும் இந்தக் கூடத்து நாற்காலிக்குத்தான் வந்து சேர்வார்கள். அண்ணி நிதானமாகக் கேட்பார். பட்டாசு பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கக் கூடாததை எல்லாம் கேட்பாள்.

வந்தவரை அந்த வட்டாரத்தில் கலர்க்காரம்மா என்பார்கள். அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி வர்ணம் அடிக்கும் பட்டறை அவருடையது. வர்ணம் கலப்பது அவர், அடிப்பது அவர் வீட்டுக்காரர்.

"என் கலர்ல யாரோ கை வைக்கறாங்கம்மா" என்றார் கலர்க்காரம்மா.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் அண்ணி.

"நான் ஒரு கலர் கலந்து முடிச்சதும் டப்பா மூடியில ஒரு பொட்டு வைப்பேன். பெயிண்ட்டு ஈரத்துல பொய் சொல்லும், காஞ்சாத்தான் நிஜம் பேசும். அதனால எங்க பட்டறையில உள்ள இருக்கறதை யாரும் பார்க்க மாட்டோம். மூடியில காஞ்ச பொட்டுதான் சாட்சி. போன வாரம் ஒரு பல் டாக்டரோட காரு வந்துச்சு, கதவுல அடி. கலர் புறா, சாம்பல்ல ஒரு வகை. பெட்ரோல் அடைக்கற குட்டிக் கதவைக் கழட்டி வச்சுக்கிட்டு, அதுக்கு ஒத்துக் கலந்தேன். பொட்டு வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு வண்டியை எடுத்துட்டுப் போனவரு அரை மணியில திரும்பி வந்துட்டாரு. 'ஏம்மா, முப்பத்திரண்டு பல்லுல ஒண்ணை மட்டும் நீலமா கட்டி அனுப்பினா என்னைச் சும்மா விடுவாங்களா?'ங்கறாரு. வெளியில ஓடி வந்து பார்த்தேன். கதவு பூரா நிலா கொட்டிக் கெடக்கு. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு."

"நிலாவா?" என்றாள் பட்டாசு.

கலர்க்காரம்மாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அது எங்க பாஷை. நீலம் ஒரு துளி கூடினா நிலா. மஞ்சள் கூடினா வெயில். செவப்பு எட்டிப் பார்த்தா வெட்கம். கருப்பு ஏறினா தூக்கம், வெள்ளை ஏறினா சோப்பு. சாம்பல்னு சும்மா சொன்னா ஆச்சா? வெயில் சாம்பல் இருக்கு, வெட்கச் சாம்பல் இருக்கு, சோப்பு போட்ட சாம்பல் இருக்கு. சாப்பிடும்போதுகூட இதையேதான் பேசிட்டு இருப்பேன். எங்க வீட்டுக்காரரு பாவம், காதைக் குடுத்துட்டு மென்னுக்கிட்டு இருப்பாரு."

"அப்புறம் டப்பாவைத் திறந்தீங்க."

"திறந்து பக்கத்துலயே இன்னொரு பொட்டு வச்சுக் காயவச்சேன். நான் வச்சது புறா. உள்ள இருந்தது வேற ஜாதி. யாரோ நீலத்தை ஊத்திக் கலக்கியிருக்காங்க."

"யார் மேல சந்தேகம்?"

கலர்க்காரம்மா கைப்பையின் வாரை முறுக்கினார். "பட்டறையில மொத்தமே நாங்க மூணு பேருதான். எங்க வீட்டுக்காரருக்குக் கலர்ல ஆனா ஆவன்னா தெரியாது. மிச்சம் மருமக. பட்டறைக்கு வர ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. அன்னைக்கு அவ கோட்டுக் கைமடிப்புல நீலக் கறை பார்த்தேன். என்னம்மான்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறா. என் கையைக் கெடுத்தா என் இடம் அவளுக்குன்னு நினைச்சுட்டாளோ என்னவோ. ஞாயித்துக்கிழமை மகன் வெளியூர்லேர்ந்து வர்றான். வந்ததும், நீங்க ரெண்டு பேரும் தனி வீடு பார்த்துக்குங்கன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

சொன்னவர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா வீண்பழி பாவம் எனக்கு வேண்டாம். அவதான்னா அவதான்னு சொல்லுங்க. இல்லன்னா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ சிரிச்சா பட்டறைக்குக் கூடுதலா ரெண்டு ஜன்னல் வச்ச மாதிரி இருக்கும்மா."

அன்று மாலையே இருவரும் பட்டறைக்குப் போனார்கள். தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. ஒரு சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள், ஒவ்வொரு மூடியிலும் ஒரு பொட்டு. சிவப்புகள் ஒரு வரிசை, காவிகள் ஒரு வரிசை, அப்புறம் சாம்பல்கள், நீலங்கள், தந்த நிறங்கள். வேலை முடிந்தாலும் மிச்சத்தை அவர்கள் எறிவதில்லை. மேல்தட்டு டப்பாக்களில் மாதக் கணக்கில் தூசி படிந்திருந்தது.

கலர்க்காரம்மா நீலம் கலக்கும் டப்பாவைக் காட்டுவதற்காக எடுத்தார். திருகு மூடி. துணியைச் சுற்றிப் பிடித்து முக்கினார், முனகினார், கடைசியில் திறந்தார். "செவப்பு, மஞ்சள் எல்லாம் சொன்ன பேச்சு கேக்கும். இந்த நீலத்தை மட்டும் யாரு இப்படி இறுக்கி மூடறாங்களோ! மாசக்கணக்கா இதோட மல்லுக்கட்டறேன்."

அண்ணி மூடியை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் குறடு கடித்த தடம் இரண்டு, எதிரெதிரே, புதிதாகப் பளபளத்தன. வேறு தடம் இல்லை. மீண்டும் டப்பாவை இறுக்க மூடி, மூலையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த மருமகளிடம் நீட்டினார். "கொஞ்சம் திறந்து குடும்மா." அந்தப் பெண் மல்லுக்கட்டிப் பார்த்தாள். முடியவில்லை. எதுவும் யோசிக்காமல் ஆணியில் தொங்கிய குறட்டை எடுத்தாள். எடுத்த பிறகுதான் யோசித்தாள் போலிருக்கிறது, முகம் வெளுத்துவிட்டது.

பட்டாசு அண்ணியின் முழங்கையை இடித்தாள். அண்ணி கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்காரர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. "என்னைக் கேட்டு என்ன ஆகப் போவுது? எனக்குத் தெரிஞ்சது மொத்தம் ஏழு கலரு. அதுலயும் ரெண்டு சந்தேகம். அவ குடுக்கறா, நான் அடிக்கறேன்."

"போன வாரம் ஒரு டாக்டர் வண்டிக்கு அடிச்சீங்களே..."

"எது, அந்த நிலாப் புறாவா?" என்றவர் ஏனோ இருமினார். பிறகு வண்டியின் அடியில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து தேட ஆரம்பித்தார்.

அண்ணி மேல்தட்டிலிருந்து தூசி படிந்த டப்பா ஒன்றை இறக்கினார். குச்சியால் கலக்கி, மூடியிலிருந்த பழைய பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்து, சூடு காற்று ஊதும் கருவியால் உலர்த்தினார். அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பழைய பொட்டு வெளிறிய வைக்கோல் மாதிரி இருந்தது, புதுப் பொட்டு தந்தம் மாதிரி.

"இது ரெண்டும் எப்படிம்மா இருக்கு?" என்று கலர்க்காரம்மாவைக் கேட்டார்.

அவர் மூக்கருகே வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே. இதுல யாரும் கை வைக்கல."

பட்டாசு, "என்னங்க இது, நல்லாவே—" என்று ஆரம்பித்தாள். அண்ணியின் செருப்பு அவள் கால் கட்டைவிரலின் மேல் உட்கார்ந்தது. அப்புறம் அண்ணி ஒரு சாம்பல், ஒரு நீலம், ஒரு செங்காவி, ஒரு அரக்குச் சிவப்பு என்று எடுத்து இதே மாதிரி செய்தார். காவியிலும் சிவப்பிலும் பொட்டுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போயின. சாம்பலிலும் நீலத்திலும் ஒத்துப்போகவில்லை. கலர்க்காரம்மா மட்டும் ஒவ்வொன்றுக்கும், "இதுவும் நல்லாத்தானே இருக்கு" என்று சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"இந்தக் கலர் எல்லாம் அடிச்சு வண்டி எடுத்துட்டுப் போனவங்க யாராவது குறை சொன்னாங்களா?" என்றார் அண்ணி.

"ஒருத்தர்கூட இல்ல. முன்னைக்கு இப்ப இன்னும் சுத்தம்னாங்க."

திரும்பும் வழியில் பட்டாசால் தாங்க முடியவில்லை. "அண்ணி, இதுல யோசிக்க என்ன இருக்கு? நீலக் கறை அவ கையில. குறடு அவ எடுத்தா. முகம் வேற வெளுத்துப்போச்சு. மருமக முழிக்கிற முழியே சரியில்ல. நான் முதல்லயே நினைச்சேன்."

"உனக்கு மருமகள்னாலே சந்தேகம். நீயே ஒரு மருமகள்ங்கறதை மறந்துட்டே" என்றார் அண்ணி சிரித்துக்கொண்டே. "காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம்..."

பழமொழி முடியவில்லை. அண்ணி நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். அதுகூட அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"மஞ்சள்" என்று பட்டாசு எடுத்துக் கொடுத்தாள்.

"ஆமா" என்றார் அண்ணி மெதுவாக. "நாளைக்கு வரும்போது அந்தத் திரையைக் கழட்டி எடுத்துக்கிட்டு வா."

மறுநாள் காலை நல்ல வெயில். பட்டறை வாசலில் அண்ணி மூன்று நாற்காலிகளைப் போட்டு மூவரையும் உட்காரவைத்தார். மருமகள் விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். பட்டாசு கையில் திரை மூட்டை. எதற்கு எடுத்துவந்தோம் என்பது அவளுக்கே தெரியாது, ஆனால் தெரிந்தவள் மாதிரி நின்றாள்.

"கலர்ல கை வச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அண்ணி. "ஒருத்தர் இல்ல. ரெண்டு பேர்."

கலர்க்காரம்மா நிமிர்ந்தார்.

"முதல் ஆள் மாசக்கணக்கா இந்த வேலையைப் பண்றாரு. தூசி படிஞ்ச டப்பாவுலயும் உள்ள ஒண்ணு, மூடியில ஒண்ணா இருக்கு. மருமக வந்ததே மூணு வாரம் முன்னாலதான். அதனால அந்த ஆள் அவ இல்ல. அந்த ஆளு நீல டப்பாவை மூடினா அப்புறம் நீங்க துணி சுத்தி மல்லுக்கட்டணும். நேத்து நான் மூடினதையே அவளால திறக்க முடியல. அப்படி இறுக்கற கை இந்தப் பட்டறையில ஒண்ணுதான் இருக்கு."

எல்லோரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இவரா?" கலர்க்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊதாவையும் கத்தரிப்பூவையும் ஒண்ணும்பாரு இந்த மனுஷன்!"

"அப்படித்தான் வெளியில சொல்லிக்கறாரு. ஆனா நேத்து அந்த வண்டியை நிலாப் புறான்னு சொன்னாரு. நீங்க எங்க வீட்டுக்கு வந்து சொன்னது வெறும் புறா. திரும்பி வந்து நிக்கற அந்த வண்டியோட பெட்ரோல் கதவை இன்னைக்குக் காலையில நானும் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். அதுல ஒரு துளி நிலா இருக்கத்தான் செய்யுது. உங்க பொட்டுல இல்ல. அது உங்களுக்குத் தெரியல, இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்குத் தெரியலையா?" கலர்க்காரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அண்ணி பட்டாசைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டாசு மூட்டையைப் பிரித்துத் திரையை வெயிலில் விரித்துப் பிடித்தாள். கண்ணைக் கூசும் வெள்ளை.

"இது என்ன கலரும்மா?"

"அன்னைக்கே சொன்னேனே. சந்தனம். மேல லேசா வெயில்."

கலர்க்காரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மருமகளின் கண்கள் நிறைந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கை தானாகவே கண்ணுக்குப் போனது.

"பயப்படாதீங்க" என்றார் அண்ணி. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சு இது கண்புரை. மெதுவா வளரும், வளரறப்போ எல்லாத்துமேலயும் மஞ்சக் கண்ணாடி போடும். செவப்பும் காவியும் தப்பிச்சுக்கும். நீலமும் வெள்ளையும்தான் மாட்டிக்கும். கண் டாக்டர்கிட்ட காட்டினா சரி பண்ணிடுவாங்க. உங்க கைக்கு ஒரு குறையும் இல்ல."

கலர்க்காரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சு... எத்தனை நாளா?"

"போன மழைக்காலத்துலேர்ந்து" என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "காலையில ஷட்டரைத் திறந்ததும் ஒரு துளி ரெண்டு துளி விட்டுக் கலக்கிடுவேன். மூடிப் பொட்டுல மட்டும் கை வைக்க மாட்டேன். அது நீ வச்சது."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ கலக்கறதை விட்டுடுவே. விட்டுட்டா..." அவர் தடுமாறினார். "வெயிலு, நிலா, வெட்கம், தூக்கம்னு நீ பேசிட்டு இருந்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது. நீ பேச்சை நிறுத்திட்டா வீட்டுல நான் யாரோட இருக்கறது?"

பட்டாசுக்கு மூக்கு உறிஞ்ச வேண்டும்போல் இருந்தது. திரை இஸ்திரி போட்டது என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"அப்ப டாக்டர் வண்டி?" என்றாள் கம்மிய குரலில். "இவரு திருத்தினது எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு. அது மட்டும் ஏன் கெட்டுது?"

"அங்கதான் ரெண்டாவது ஆள் வர்றா" என்றார் அண்ணி. "நீல மூடியில குறடு கடிச்ச தடம் ஒரே தடவை. அவ கை வச்சது அந்த ஒரு நாள்தான். ஏம்மா, அன்னைக்கு மூடிப் பொட்டையும் பெட்ரோல் கதவையும் பக்கத்துல வச்சுப் பார்த்தே, இல்லையா?"

மருமகள் தலையாட்டினாள். "மத்தியானம் அத்தை சாப்பிடப் போயிருந்தாங்க. பொட்டுல நிலா இல்ல. டாக்டர் சத்தம் போட்டா அத்தை தாங்க மாட்டாங்கன்னு... நானே கொஞ்சம் விட்டேன். கெட்டுப்போனதும், நான்தான் அளவு தெரியாம ஊத்திக் கெடுத்துட்டேன்னு நினைச்சேன். அத்தை கேட்டப்போ என்னால நிமிர்ந்து பார்க்க முடியல."

"நீ ஊத்தினது சரியான அளவுதான். காலையிலயே மாமா அதே அளவை ஊத்தியாச்சு. மூடிப் பொட்டை அவரு மாத்தல. உங்க பட்டறையில டப்பாவுக்குள்ள பார்க்கற பழக்கம் யாருக்கும் இல்ல. ஒரு குறைக்கு ரெண்டு பேர் தனித்தனியா மருந்து குடுத்துட்டீங்க. ஒரு பங்கு நிலா வரைக்கும் உங்க அத்தை கண்ணுக்குத் தெரியல. ரெண்டு பங்கு ஆனதும் அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

வீட்டுக்காரர் நெற்றியில் அறைந்துகொண்டார். "நான் சரிபண்ணின டப்பாதானேன்னு திரும்பிப் பார்க்காம அடிச்சுட்டேன்!"

கலர்க்காரம்மா எழுந்து மருமகளின் முன்னால் போய் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. எத்தனையோ சாம்பலுக்குப் பேர் வைத்த வாய் அது. கடைசியில் அந்தப் பெண்ணின் நீலம் படிந்த கைமடிப்பைப் பிடித்து இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை உன் புருஷன் வர்றான்" என்றார் அழுதுகொண்டே. "நாம எல்லாரும் சேர்ந்து கண் டாக்டர்கிட்ட போவோம்."

சில வாரம் கழித்து ஒரு காலையில் கலர்க்காரம்மா மறுபடியும் வந்தார். வலது கண்ணுக்கு அறுவை முடிந்திருந்தது. வாசலிலேயே நின்றார். இடது கண்ணைப் பொத்தித் திரையைப் பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

"இதை யாரும்மா துவைச்சது?"

"நான்தான்" என்றாள் பட்டாசு விறைப்பாக.

"என்னை மன்னிச்சுடு. இதுல வெயிலே கிடையாது. வெள்ளை. அதுலயும் அடியில லேசா நிலா."

"கடைசித் தண்ணியில ரெண்டு சொட்டு நீலம் விட்டேன்" என்றாள் பட்டாசு. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்காக உயிரையும் கொடுக்கத் தயாராகிவிட்டாள்.

"இன்னொரு கண் எப்போ?" என்று அண்ணி கேட்டார்.

"இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். பட்டறையில ஒரு வேலை பாக்கி இருக்கு." கலர்க்காரம்மா பையிலிருந்து ஒரு டப்பா மூடியை எடுத்தார். அதில் இரண்டு பொட்டுகள் பக்கத்தில் பக்கத்தில். "மருமக ஒவ்வொரு டப்பாவாத் திறந்து பொட்டு வச்சுத் தர்றா. நான் கண்ணை மாத்தி மாத்திப் பார்க்கறேன். பழைய கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. புதுக் கண்ணுக்கு ஒண்ணு நான், ஒண்ணு அவரு. போன மழைக்காலத்துலேர்ந்து ஒரு நாள் விடாம செஞ்சிருக்காரும்மா. எல்லாத்தையும் பார்த்து முடிக்கற வரைக்கும் எனக்கு இந்தப் பழைய கண்ணு வேணும்."

பட்டாசு மூடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே இருந்தது மயிரிழை வித்தியாசம்தான். "இதுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?"

"நான் வைக்கல. அவரையே வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் கலர்க்காரம்மா. "மூணு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்கு ஏழு கலருதானே தெரியும். எட்டாவதா இது இருந்துட்டுப் போகட்டும்."